சேர்த்து வைக்கும் வியாதி

என் தொடர்கதை முடிந்த மறுவாரம் வந்த கடிதங்களில் ஒன்று திருவண்ணாமலையிலிருந்து வந்திருந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது; கோபமும் அப்படியே வரிசை பிசகாமல் நின்றது.

"உங்கள் கதாநாயகி புருஷனை விட்டுப் பிரிந்து வந்தாள், சரி. கோர்ட்டுக்குப் போனாள், காலம் அப்படி, அதுவும் சரி. ஆனால் கதை முடிகிறபோது அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாளே, இது என்ன நியாயம்? எங்கள் ஊரில் வருஷந்தோறும் திருவூடல் நடக்கிறது. சாக்ஷாத் பரமேசுவரனுக்கும் அம்பாளுக்கும் வந்த பிணக்கே மறுநாள் தீர்ந்து போகிறது. உங்கள் கதாநாயகி அம்பாளைவிடப் பெரியவளோ?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். பெரியவர் ஒருவருக்காக மட்டும் அல்ல. இதையே இன்னும் மிருதுவான குரலில் ஒரு பத்திரிகை ஆசிரியரும் என்னிடம் கேட்டார். "கடைசி அத்தியாயத்தில் அந்தப் புருஷனை ஒரே ஒரு தடவை வரவழையுங்களேன். வந்து வாசற்படியில் நிற்கட்டும், அது போதும். மிச்சத்தை வாசகர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார். நான் மறுத்துவிட்டேன். ஏன் மறுத்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பிரிந்தவர்களைப் பிடித்து எப்படியாவது சேர்த்து வைத்தே தீருவது என்பது நம்மிடையே ஒரு தர்மமாக மதிக்கப்படுகிறது. அது தர்மம் அல்ல, வியாதி என்பது என் கட்சி. குடும்பத்தில் உள்ள பெரியவர்களுக்கும், கதை எழுதுகிற எங்களுக்கும், கதை படிக்கிற உங்களுக்கும் அந்த வியாதி இருக்கிறது.

பெரியவர் கூப்பிட்ட சாட்சியையே நானும் கூப்பிடுகிறேன். திருவூடல் உற்சவம் தை மாதம் 2-ஆம் தேதி, மாட்டுப் பொங்கலன்று நடக்கிறது. சிவனை மட்டுமே வணங்குவேன், சக்தியை வணங்க மாட்டேன் என்று பிடிவாதம் செய்கிற பிருங்கி முனிவருக்கு அருள் செய்யச் சுவாமி புறப்படுகிறார். அம்பாளுக்குக் கோபம் வருகிறது. வராதா பின்னே? நடுத்தெருவில், ஜனக்கூட்டத்தின் எதிரில், இருவருக்கும் பிணக்கு. அந்தத் தெருவுக்கே திருவூடல் தெரு என்று பெயர். சுந்தரமூர்த்தி நாயனார் இங்கும் அங்கும் தூது போகிறார், பலிக்கவில்லை. அம்பாள் விடுவிடு என்று கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு விடுகிறாள். அன்று ராத்திரி சுவாமிக்குத் தம் வீட்டிலே இடமில்லை, குமரகோயிலில் தங்குகிறார். மறுநாள் தனியாக மலையைச் சுற்றி வருகிறார். 14 கிலோமீட்டர்! வழியில்தான், மலையின் பின்புறத்தில், அடி அண்ணாமலை இருக்கிறது. சுற்றி முடித்து ஊர் திரும்பிய பிறகே மறுவூடல், சமாதானம்.

ஐயா பெரியவரே, வருஷந்தோறும் இதைப் பார்க்கிற நீங்கள் எதைப் பார்த்தீர்கள்? கதவு திறந்ததை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். அது சாத்தப்பட்டதை நான் பார்க்கிறேன். தாழ்ப்பாள் அம்பாளின் கைப்பக்கம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடி நிற்கிற அந்தத் தெருவில் ஒருவராவது அம்பாளைப் பார்த்து, 'கொஞ்சம் அனுசரித்துப் போகக் கூடாதா தாயே?' என்று கேட்டதுண்டா? உலகத்துக்கே நாயகனானவர் ஒரு ராத்திரி வெளியே தங்கி, மறுநாள் மலை சுற்றி வருகிறாரே, அவருக்கு அதனால் மானம் போயிற்று என்று யாராவது சொன்னதுண்டா?

இன்னொன்று. அது ஊடல். ஊடல் வேறு, முறிவு வேறு. நம்முடைய பாஷை ஊடலுக்கு எத்தனை மரியாதை செய்திருக்கிறது! திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும், 131 முதல் 133 வரை, புலவியும் ஊடலும்தான். நாளைக்கும் நாம் இருவரும் சேர்ந்து இருப்போம் என்ற நம்பிக்கை இருக்கிற இடத்தில்தான் ஊட முடியும். அந்த நம்பிக்கையே செத்துப்போன வீட்டில் நடப்பதற்கு ஊடல் என்று பெயர் வைத்தால், காய்ச்சல்காரனைப் பார்த்து 'வெயிலில் அலைந்தாயோ?' என்று கேட்கிற கதையாக முடியும்.

இதை நான் வெறும் வாதத்துக்காகச் சொல்லவில்லை. நானே ஒரு தடவை தூது போனவன்.

என் பெரியப்பாவுக்கு அடி அண்ணாமலையில் வீடு. அவருடைய மூத்த மகள், என் அக்கா, ஏறக்குறைய இருபது வருஷங்களுக்கு முன்பு ஒரு டிரங்குப் பெட்டியுடன் வேலூரிலிருந்து அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவள் புருஷன் குடிகாரன் அல்ல, அடிக்கிறவனும் அல்ல. ஆபீசில் நல்ல பெயர் எடுத்த மனுஷன். அதனாலேயே அவளுடைய கட்சி எடுபடவில்லை. "அவர் கெட்டவர் இல்லை. ஆனால் எனக்கு அந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது" என்றாள். இப்படிச் சொல்கிற பெண்ணைத் தேற்ற நம்மிடம் வார்த்தை கிடையாது. கண்டிப்பதற்குத்தான் ஏராளமாக உண்டு. குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவன், நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவன் என்று என்னைத் தூது அனுப்பினார்கள். நானும் போனேன். "வீட்டுக்கு வீடு வாசற்படி, அக்கா" என்று ஆரம்பித்து இரண்டு மணி நேரம் பேசினேன். எழுத்தாளன் அல்லவா? உருக்கமாகவே பேசியிருப்பேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

இரண்டு வருஷம் அங்கே இருந்தாள். அந்த இரண்டு வருஷங்களில் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. கூடத்தில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது. கிழித்த தாளின் பின்புறத்தில் அவர் எழுதி வைப்பார்: 'பால் பணம் கொடுத்தாயிற்று.' அடுத்த நாள் தாளில் இவள் எழுதி வைப்பாள்: 'காஸ் சொல்ல வேண்டும்.' இரண்டு வருஷத்துச் சம்பாஷணை முழுவதும் ஒரு காலண்டர் அட்டைக்குள் அடங்கிவிட்டது. அக்கா இதை இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எனக்குத்தான் சிரிக்க முடிவதில்லை. அந்த இரண்டு வருஷங்களையும் அவளிடமிருந்து திருடினவன் நான்.

கடைசியில் இருவரும் மனம் ஒத்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது அப்போது மீற முடியாத விதி. ஒரு நாள் விசாரணை முடிந்து வெளியே வந்தபோது பஸ் வரத் தாமதமாயிற்று, வெயில் வேறு. "சாப்பிட்டாயா?" என்று அவர் கேட்டார். இருவரும் எதிரே இருந்த ஓட்டலுக்குப் போய் உட்கார்ந்தார்கள். அதை உறவினர் ஒருவர் பார்த்துவிட்டார். அவ்வளவுதான்! 'ஒரே மேஜையில் மசால் தோசை சாப்பிட்டார்களாம்!' என்று அன்று சாயங்காலத்துக்குள் குடும்பம் முழுவதும் செய்தி பரவிற்று. அத்தை ஒருத்தி பஞ்சாங்கத்தைப் பிரித்து நல்ல நாளே பார்த்துவிட்டாள்.

அக்கா என்னிடம் சொன்னாள்: "கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் மனசு விட்டுப் பேசினது அன்றைக்குத்தான்டா தம்பி. அவருக்குத் தேங்காய்ச் சட்னி பிடிக்காது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை நாளும் அரைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவரும் வாய் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிரியப் போகிறோம் என்று நிச்சயமான பிறகுதான் இரண்டு பேருக்கும் பேச்சு வந்தது."

இது சிரிக்க வேண்டிய இடமா, அழ வேண்டிய இடமா? இரண்டும்தான். பிரிவு என்றால் தலைவிரி கோலமும் சாபமும் மட்டும்தான் என்று நம்புகிறவர்களுக்கு இந்த மசால் தோசை விளங்காது.

இதெல்லாம் மேல்நாட்டு நாகரிகம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் எத்தனையோ சமூகங்களில் பஞ்சாயத்தார் முன்னிலையில் தீர்த்துக்கொள்வதும், அறுத்துக் கட்டுவதும் பரம்பரை வழக்கமாக இருந்தன. படித்த, நிலபுலம் உள்ள ஜாதிகள்தாம் அதைக் கேவலம் என்று ஒதுக்கின. மற்றவர்களும் அவர்களைப் பார்த்து வெட்கப்படக் கற்றுக்கொண்டார்கள். 1949-இல் சென்னை மாகாணம் இந்துக்களின் விவாகரத்துக்கு ஒரு சட்டம் செய்தது; 1955-இல் இந்தியா முழுவதற்கும் இந்து விவாகச் சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பழைய வழக்கப்படி தீர்த்துக்கொள்கிற உரிமையைக் கலைக்காமல் விட்டிருக்கிறது. 1976-இல், குற்றம் யாருடையது என்று சேற்றை வாரி இறைக்காமல் இருவரும் சம்மதித்துப் பிரிய வழி பிறந்தது. ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. மீட்க முடியாதபடி முறிந்துபோன விவாகத்தைத் தானே கலைக்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்று 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். சட்டப் புத்தகம் எழுபது வருஷமாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. கதைப் புத்தகந்தான் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறது.

நம் பழைய கதைகளைப் பாருங்கள். திருவூடலில் தூது போகிறாரே சுந்தரர், அவருடைய கல்யாணக் கதையைப் பெரிய புராணத்தில் படித்தவர்களுக்குத் தெரியும். புத்தூரில் சடங்கவியார் மகளுக்குத் தாலி கட்டப் போன இடத்தில், சிவபெருமான் கிழ வேதியராக வந்து ஓலையைக் காட்டி வழக்காடி, மாப்பிள்ளையை அழைத்துப் போய்விடுகிறார். பிறகு திருவாரூரில் பரவையார், திருவொற்றியூரில் சங்கிலியார். பரவையாரின் கோபத்தைத் தணிக்க ஒரே ராத்திரியில் இரண்டு முறை சிவபெருமானே தூது நடக்கிறார். மணப்பந்தலில் விடப்பட்ட புத்தூர்ப் பெண்ணுக்கு யார் தூது போனார்கள்? அவளுக்குப் பெயர்கூட இல்லை. சுந்தரரையே நினைந்திருந்து சிவலோகம் அடைந்தாள் என்று அவள் கதையை முடிக்கிறார் சேக்கிழார். அவரைக் குறை சொல்ல நான் யார்? அவராவது அவளுக்குச் சிவலோகம் கொடுத்தார். நாம் அதுவும் கொடுப்பதில்லை; பிறந்த வீட்டில் ஒரு மூலையைக் கொடுக்கிறோம்.

காரைக்கால் அம்மையார் கதை இதைவிடத் தெளிவு. புருஷன் பரமதத்தன் கப்பலேறிப் போனவன், திரும்பி வராமல் பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பெண் குழந்தையும் பெற்றுக்கொண்டான். செய்தி தெரிந்ததும் சுற்றத்தார் என்ன செய்தார்கள்? புனிதவதியைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு போய் அவனிடம் விடப் பார்த்தார்கள்! அவனோ மனைவி மகளுடன் அவள் காலில் விழுந்தான். அந்த அம்மாள் அந்த இடத்திலேயே தன் அழகை, சதையை, உடம்பை உதறிப் பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டாள். பக்தியின் உச்சம் அது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு போன சுற்றத்தாரை நினைத்தால் எனக்கு எங்கள் அத்தையும் பஞ்சாங்கமும் ஞாபகத்துக்கு வருகின்றன. என் ஞாபகமும் வருகிறது.

மரியாதையான தூதும் நம்மிடம் இருந்தது. வள்ளல் பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியிடம் போனபோது, கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நான்கு புலவர்கள் அவனிடம் போய்ப் பாடினார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ள பாட்டுகள் அவை. அவர்கள் அழுகிறவளிடம் போய் 'அனுசரித்துப் போ' என்று சொல்லவில்லை. தப்புச் செய்த அரசனிடம் போய், அவன் பரிசிலை நம்பி வாழ்கிறவர்களாக இருந்தும், அவன் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அப்படித் தூது போக யோக்கியதை உள்ளவர்கள் போகட்டும்.

சினிமாவுக்கு வருவோம். 1986-இல் வந்த 'மௌன ராக'த்தில் கல்யாணமான கையோடு பெண் விவாகரத்துக் கேட்கிறாள். ஒரு வருஷம் போக வேண்டும் என்று சட்டம் நிறுத்தி வைக்கிறது. அந்த ஒரு வருஷம் முடிவதற்குள் ரயிலடியில் சேர்ந்துவிடுகிறார்கள். 2020-இல் வந்த 'ஓ மை கடவுளே'யில் குடும்பக் கோர்ட்டுக்குப் போனவனைச் சேர்த்து வைக்கக் கடவுளே இறங்கி வருகிறார். நல்ல படங்கள், நானும் ரசித்தவன்தான். ஆனால் எப்போதும் அந்த ஒரு ரயில்தானா? 1977-இல் கே. பாலசந்தர் எடுத்த 'அவர்கள்' மட்டும் வேறு தண்டவாளத்தில் போயிற்று. விவாகரத்தான பெண் கடைசியில் யாரையும் கட்டிக்கொள்ளாமல் ஊரை விட்டுப் போகிறாள். அவளுடன் ரயிலில் இருப்பது அந்தப் பழைய புருஷனின் தாயார்! அந்த ஒரு காட்சிக்காகவே அந்தப் படத்துக்கு நமஸ்காரம் செய்யலாம்.

இந்த வியாதி நமக்கு மட்டும் சொந்தமும் அல்ல. 1879-இல் இப்ஸன் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்தில் நோரா கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுகிறாள். ஜெர்மனியில் நோராவாக நடிக்க வேண்டிய நடிகை, குழந்தைகளை விட்டுப் போகிறவளாக நான் நடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பிறர் கை வைப்பதற்குப் பதிலாகத் தாமே திருத்தி எழுதிக் கொடுத்தார் இப்ஸன். நோரா குழந்தைகளைப் பார்த்து மனம் தளர்ந்து நின்றுவிடுகிறாள். தம் படைப்புக்குத் தாமே செய்த கொடுமை என்று பின்னால் அவர் அதை நொந்துகொண்டார். இன்று உலகம் எந்த நோராவை ஞாபகம் வைத்திருக்கிறது? வாசற்படியில் புருஷனை நிறுத்தச் சொன்ன ஆசிரியருக்கு இதுவே என் பதில்.

'அப்படியானால் சேர்ந்து வாழ்வதே தப்பா? குழந்தைகள் கதி என்ன?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தாமாக யோசித்து, தாமாக மனம் மாறித் திரும்புகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஜெயகாந்தனின் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' நாவலில் கல்யாணியும் ரங்காவும் வக்கீல் வரைக்கும் போய்த் திரும்புகிறார்கள். எந்த அத்தையும் பஞ்சாங்கம் பார்க்கவில்லை. அம்பாளும் தானாகத்தான் கதவைத் திறக்கிறாள். குழந்தை உள்ள வீட்டில் பிரிவு இன்னும் கஷ்டம் என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் காலண்டர் தாளில் பேசிக்கொள்ளும் தாய் தகப்பனிடம் வளர்கிற குழந்தை என்ன கற்றுக்கொள்ளும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பெரியவரின் புகார் அவள் பிரிந்ததைப் பற்றி அல்ல, சிரித்ததைப் பற்றி என்பதை நான் மறக்கவில்லை. அதற்கே வருகிறேன்.

கோர்ட் தீர்ப்பு வந்த பிறகு அக்கா ஒரு வருஷம் போல அழுதாள். தானே விரும்பிக் கேட்ட பிரிவுக்கு ஏன் அழுகை என்று வீட்டில் கேட்டார்கள். விரும்பிப் பிடுங்கிக்கொண்ட பல்லானாலும் குழி வலிக்காதா? விடியற்காலையில் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், கிரிவலப் பாதையில் தனியாக நடப்பாள். ஒரு நாள் வழியில் ஒரு குரங்கு, தியானத்தில் இருந்த ஒருவரின் மூக்குக் கண்ணாடியைப் பறித்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டு மலையை அண்ணாந்து பார்த்ததாம். அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு திருடி அகப்பட்டவளைப் போலச் சுற்றுமுற்றும் பார்த்தாள். அன்று ராத்திரி எனக்குப் போன் செய்து, "தம்பி, நான் சிரிக்கலாமாடா?" என்று கேட்டாள்.

முப்பத்தைந்து வயதுப் பெண், சிரிக்க அனுமதி கேட்டாள்! எங்கள் கதைகளைத்தான் அவள் சின்ன வயது முதல் படித்து வந்தாள். பிரிந்து வந்தவள் எப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்.

இப்போது அடி அண்ணாமலையில் வீட்டுத் திண்ணையை ஒட்டிச் சின்னதாக இட்லிக் கடை வைத்திருக்கிறாள். பௌர்ணமி ராத்திரிகளில் சுக்குக் காபி. மாதந்தவறாமல் விழுப்புரத்திலிருந்து ஒருவர் மலை சுற்ற வருகிறார். மனைவியை இழந்தவர், பஸ் கண்டக்டர். தொழில் பழக்கம், எப்போதும் சரியாகச் சில்லறை எண்ணித்தான் கொடுப்பார். ஒரு பௌர்ணமிக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். அக்காவிடம் சில்லறை இல்லை. பழைய டிக்கெட் ஒன்றை எடுத்துப் பின்புறம் பாக்கித் தொகையைத் தாமே எழுதி அவளிடம் கொடுத்து, "அடுத்த பௌர்ணமிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்றார். அடுத்த பௌர்ணமிக்கு வந்தார், பாக்கியைக் கேட்கவில்லை. அதற்கு அடுத்ததற்கும் கேட்கவில்லை. அந்த டிக்கெட் கடை டப்பாவில் இருக்கிறது. "கொடுத்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். "கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமேடா" என்றாள்.

என் கதாநாயகி யார் என்று இதற்குள் ஊகித்திருப்பீர்கள். எழுதலாமா என்று கேட்டபோது அக்கா இரண்டு நிபந்தனை போட்டாள். "அவரைக் கெட்டவராக்காதே. கடைசியில் என்னை அழ வைக்காதே." இரண்டையும் காப்பாற்றினேன். ஒரு காலத்தில் அவளை வேலூருக்குத் திருப்பி அனுப்பியவன், கதையிலும் ஒரு தடவை அனுப்ப மாட்டேன்.

பெரியவரே, அடுத்த தை மாதம் நான் திருவூடலுக்கு வருகிறேன். இருவரும் தெருவில் நின்று பார்ப்போம். மறுநாள் அடி அண்ணாமலை வரைக்கும் நடந்து அக்கா கடையில் இட்லி சாப்பிடுவோம். கண்டக்டர் விஷயத்தில் அவள் என்ன முடிவு செய்திருக்கிறாள் என்று மட்டும் நீங்கள் கேட்கக் கூடாது. நானும் கேட்க மாட்டேன்.